192 எங்கே தொலைகிறது?
கம்ப்யூட்டரில் ஒலியைத் துல்லியமாகக் கேட்கவும் பதிவு செய்யவும் 192 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 1,92,000 முறை ஒலியை அளக்கும் வேகம்) சவுண்ட் கார்டு வாங்கினால் போதும் என்கிறது ஒரு கட்டுரை. போதாது சார். விண்டோஸ் சவுண்ட் செட்டிங்ஸில் 48 என்று இருந்தால், பிளேயர் 192 கொடுத்தாலும் விண்டோஸ் அதை 48க்கு இறக்கித்தான் கார்டுக்கு அனுப்பும். விண்டோஸின் இந்த மாற்றத்தைத் தாண்டி நேராகக் கார்டுக்கு அனுப்பும் வசாபி எக்ஸ்க்ளூசிவ் அல்லது ஆசியோ வழியாக விட்டால்தான் அப்படியே போய்ச் சேரும். இது தெரியாமலே ஒரு வருஷம் "ஆஹா, என்ன துல்லியம்!" என்று கேட்டுக்கொண்டிருந்தவன் நான்.

யுஎஸ்பியில் செருகும் சவுண்ட் கருவி என்றால் இன்னொரு வம்பு. 192 போன்ற உயர் வேகங்களை யுஎஸ்பியில் அனுப்புவதற்கான பொது விதிமுறையான யுஎஸ்பி ஆடியோ கிளாஸ் 2க்கு விண்டோஸ் சொந்தமாக டிரைவர் தந்ததே 2017இல்தான். இன்னும் விண்டோஸ் 7இல் இருப்பவர்கள் தயாரிப்பாளரின் டிரைவரைத் தேடிப்பிடித்துப் போடவேண்டும். பதிவு செய்ததை எம்பி3யாகச் சேமித்தாலோ, அதன் உச்சமே 48தான். தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக்கில் வையுங்கள். பழைய கேசட்டை டிஜிட்டலாக மாற்றத்தான் இதெல்லாம் என்றால், 96ஏ அதிகம்.