ஒரு ஆள் வாசித்திருக்கலாம்

நேற்று முழுக்க எல்லோரும் பகிர்ந்த, கொழும்பில் வெளியே போகும் வழியைக் காட்ட மும்மொழியில் மாட்டிய அந்தப் பலகைப் படத்தை நான் திரும்பப் போடவில்லை. மூன்றாவது வரியில், தமிழில், "வெளியேறு". அதிலும் கொம்புகள் இடம் மாறிக் கிடக்கின்றன.

"ஃபொண்ட் பிழை, விடுங்கள்" என்கிறார்கள். ஃபொண்ட் பிழையே இல்லை. யுனிகோடில் முதலில் வகரம், பிறகுதான் கொம்பு பதிவாகும். திரையில் அதை முன்னால் தூக்கி வைப்பது மென்பொருளின் வேலை. அந்த வசதி இயங்காவிட்டால் வகரத்தின் கொம்பு ளகரத்துக்கு முன்னால் போய் நிற்கும். பழைய போட்டோஷாப்பில் ப்ரிஃபரன்ஸுக்குள் டைப் பகுதியில் தெற்காசிய எழுத்துக்கான தெரிவை நாமே போடவேண்டும். போட்டபின் புதிதாகத் திறக்கும் கோப்பில்தான் அது வேலை செய்யும். யுனிகோடை விட்டு பாமினி என்ற பழைய தமிழ் ஃபொண்டுக்கு மாற்றித் தப்பலாம் என்றால் அதுவும் ஆபத்து: பாமினியில் ககரம் இருப்பது ஆங்கில எஃப்பின் இடத்தில். இடையில் ஒரு ஆங்கிலச் சொல் வந்தால் அது தமிழ்க் குப்பையாகிவிடும்.

இது அச்சகத்துப் பிழை. பெரிய பிழை அதற்கு முன்பே நடந்துவிட்டது. ஆங்கிலத்தில் "எக்ஸிட்" பெயராகவும் வரும், ஏவலாகவும் வரும். தனிச் சொல்லாகக் கொடுத்தால் மொழிபெயர்க்கும் இயந்திரத்துக்கு எது என்று தெரியாது. ஏவலாக எடுத்தது, அதுவும் ஒருமையில். சிங்கள வரி சரியாக இருக்கிறதே, எப்படி? அதை ஒரு ஆள் வாசித்திருக்கிறார். தமிழை யாரும் வாசிக்கவில்லை. நான் சொல்வது இது ஒன்றுதான்.

"தமிழ் போட்டதே பெரிய விஷயம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். 1987இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாகிவிட்டது. யாரும் தயவில் போடவில்லை, ஐயா. "போகப்போக இயந்திரம் திருந்தும்" என்பதும் சரிதான், திருந்தட்டும். அதுவரை கருமபீடத்தில் நிற்கிற அம்மா எதை வாசிப்பது? மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுக்காமல் மிச்சம்பிடித்த காசுக்கு அவரல்லவா விலை கொடுக்கிறார்?

சின்ன விஷயம் என்கிறவர்களுக்கு இன்னொன்று. 2007 ஜூன் 7 விடியற்காலை கொழும்பு லொட்ஜுகளில் இருந்த 300க்கும் மேற்பட்ட தமிழரை பொலிஸார் பஸ்களில் ஏற்றி ஊரைவிட்டு அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. அந்த நகரத்தின் சுவரில், தமிழில் மட்டும், "வெளியேறு". இயந்திரத்துக்கு அது தெரியாது. வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டியிருந்தால் ஒரு நொடியில் கை நின்றிருக்கும்.

கழற்றிவிட்டு "வெளியேறும் வழி" என்று போடுங்கள். அடுத்த பலகையை அச்சுக்கு விடமுதல் புரூஃபை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். காசு வேண்டாம்.