தற்கொலைக்கு முயன்ற பிள்ளைக்கு ஜெயிலா?

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பிள்ளை மீதே கேஸ் பாயும், ஓராண்டு ஜெயில்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவில் தற்கொலை முயற்சிக்கு ஓராண்டு வரை ஜெயில் இருந்தது. அதை 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு முடக்கியது: வேறாக நிரூபிக்கப்படாதவரை, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டனை கூடாது, சிகிச்சை தருவது அரசின் கடமை. அந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தக் குற்றத்துக்கு இடமே இல்லை. அரசு ஊழியரைக் கடமையில் பணியவைக்கவோ தடுக்கவோ தற்கொலைக்கு முயல்வது (226ஆம் பிரிவு) மட்டுமே குற்றம்.

குழப்பம் எம்.எல்.சி. (காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டிய மருத்துவ-சட்ட வழக்கு) பதிவால் வருகிறது. ஆஸ்பத்திரி அதைப் போடும், காவலர் வந்து விசாரிப்பார். அது பிள்ளை மீதான வழக்கு அல்ல. அதற்குப் பயந்து கைவைத்தியம் பார்த்து நேரத்தைத் தொலைப்பதுதான் உயிருக்கு ஆபத்து. உடனே 108. எண்ணமாக மட்டும் இருக்கும்போதே பேச, அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416: இலவசம், 24 மணி நேரமும், தமிழிலும்.