45 நாள் கணக்கு எங்கே தொடங்குது?

"உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு) இருந்தா போதும், கிளையண்ட் எவ்வளவு இழுத்தடிச்சாலும் 45 நாள்ல பணம் வந்தாகணும்"னு மேலே ஒரு சகோ சொல்லியிருக்கார். பாதிதான் சரி.

குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006, 15-வது பிரிவுல அந்த வரம்பு இருக்கு. ஆனா வேலையை ஒப்படைச்சு, அவங்க ஏத்துக்கிட்ட நாள்ல இருந்துதான் கணக்கு. (ஒப்படைச்ச 15 நாளுக்குள்ள எழுத்துல ஆட்சேபம் வரலைன்னா ஒப்படைச்ச நாளே ஏத்துக்கிட்ட நாள். இது நமக்கு நல்லது.) வேலைக்குத் தேவையான லோகோ, படம் எதுவும் அனுப்பாம கிளையண்ட் மூணு மாசம் கம்முனு இருந்தா எதை ஒப்படைப்பீங்க? 45-ல ஒரு நாள்கூடக் கழியாது.

அதனால ஒப்பந்தத்துல "இறுதி ஒப்புதலுக்குப் பின் 50% பணம்"னு எழுதாதீங்க, நான் அதுல மாட்டி அவஸ்தைப்பட்டவன். அவங்க தர வேண்டிய ஒவ்வொரு தவணைக்கும் தேதி போட்டு எழுதுங்க. கூடவே, "உங்க தரப்புத் தாமதம் 10 நாளைத் தாண்டினா, அதுவரை முடிஞ்ச வேலைக்கு பில் வரும்"னு ஒரு வரி. "நீதான் லேட்"னு தொகையைக் குறைக்க வந்தா, 1872 இந்திய ஒப்பந்தச் சட்டம் 67-வது பிரிவைக் காட்டுங்க: வேலைக்குத் தேவையான வசதியை அவங்க செஞ்சு தராததால வந்த தாமதத்துக்கு நீங்க பொறுப்பில்லை.