பெரியம்மாவை இரண்டு மணி நேரம் அடைத்துவைத்த அழைப்பு

தொலைபேசி மோசடிகள் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, முதியவர்கள் தெரியாத எண்ணை எடுக்கவே கூடாது என்கிறது. தண்டையார்பேட்டையில் தனியாக இருக்கும் என் பெரியம்மாவால் அது முடியாது. சிலிண்டர் கொண்டுவருபவர்கூடத் தெரியாத எண்ணிலிருந்துதான் அழைக்கிறார்.

போன மாதம் அவருக்கு ஒரு வீடியோ அழைப்பு. காக்கிச் சட்டை, பின்னால் அசோகச் சின்னம். “உங்கள் ஆதாரில் வாங்கிய சிம் பண மோசடியில் சிக்கியிருக்கிறது. நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள். மகனிடம்கூடச் சொல்லக் கூடாது” என்று மிரட்டியிருக்கிறார்கள். இரண்டு மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் லாரி வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டுப் பெண் கதவைத் தட்டியதால்தான் தப்பித்தார்.

அந்த ‘யாரிடமும் சொல்லாதே’தான் தூண்டில் முள். டிஜிட்டல் கைது என்று நம் சட்டத்தில் எதுவுமே கிடையாது. எந்தப் போலீஸும் வீடியோவில் கைது செய்யாது, பணத்தைச் சரிபார்க்க வேறு கணக்குக்கு அனுப்பச் சொல்லாது. உடனே துண்டித்துவிட்டு யாரையாவது கூப்பிடுங்கள். பணம் போய்விட்டாலும் வெட்கப்பட்டு மறைக்காமல் அந்த நிமிடமே இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். திருடன் எடுப்பதற்கு முன்னால் வங்கியில் அதை முடக்க வாய்ப்பிருக்கிறது.

பெரியம்மா வீட்டுச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் அந்த எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன்.