ஸ்க்ரீன் ஓடினாத்தான் பாடமா?

நான் இப்ப திருகோணமலை டவுனுக்கு வெளியில ஒரு பள்ளிக்கூடத்தில கட்டுறு பயிற்சியில இருக்கிறன், பாடம் விஞ்ஞானம். கல்வியியல் கல்லூரியில 2 வருஷம் ஹொஸ்டல்ல இருந்து படிச்சிட்டு 3ஆவது வருஷம் பள்ளிக்கூடத்துக்கு வாறதுதான் கட்டுறு பயிற்சி. வந்து கொஞ்ச நாள்ல நடந்த ஒரு விஷயம் இன்னும் மனசுக்குள்ளயே கிடக்கு, அத எழுதோணும் எண்டு கனநாளா நினைச்சு இண்டைக்குத்தான் எழுதுறன், நீளமாத்தான் வரும், நேரம் இருக்கிற ஆக்கள் வாசிங்கோ.

9ஆம் தரத்துக்கு மின்சுற்றுப் பாடம். ரெண்டு ராத்திரி முழிச்சிருந்து 22 ஸ்லைட் செஞ்சன், படம், அம்புக்குறி, நிறம் எல்லாம் பாத்துப் பாத்துப் போட்டது. பென்ட்ரைவ்ல கொண்டுபோய் ஐசிடி ரூம் ஸ்மார்ட் போர்ட்ல குத்தித் திறந்தா ஒரு தமிழ் எழுத்து இல்ல. முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் சாய்ஞ்ச கோடும். முன்னால 36 பிள்ளையள். பின் வாங்குல இருந்த ஒரு பிள்ளை உண்மையாவே விளங்காமத்தான் கேட்டான், "மிஸ், இது எந்த நாட்டுப் பாஷை?" எண்டு. 40 நிமிஷப் பாடத்தில 25 நிமிஷம் அதத் திருத்தப் பாத்ததிலயே போயிட்டு. அந்தப் பிள்ளையள்ட 25 நிமிஷம், அதான் எனக்குத் தாங்க ஏலாமப் போனது.

காரணம் என்னெண்டா பாமினி எண்ட பழைய தமிழ் ஃபொன்ட். இலங்கையில தமிழ்ல டைப் பண்ணுற கனபேருக்கு இந்தக் கஷ்டம் தெரிஞ்சிருக்கும். பாமினியில நாங்க அடிக்கேக்க கொம்பியூட்டர் உள்ளுக்குள்ள ஆங்கில எழுத்தத்தான் சேவ் பண்ணுது, மேலால தமிழ் உருவத்தப் போட்டுக் காட்டுது, அவ்வளவுதான். அந்த ஃபொன்ட் இல்லாத மெஷினுக்குப் போனா மேல போட்ட உருவம் கழண்டு உள்ள இருக்கிற ஆங்கில எழுத்து வெளிய வந்திடும். யூனிகோட் அப்பிடி இல்ல, அதில தமிழுக்கெண்டே தனி இலக்கங்கள் இருக்கு, இப்பத்தைய எந்தப் போன்ல திறந்தாலும் தமிழ் தமிழாவே இருக்கும், கூகுள்ல தேடலாம், கண் தெரியாத ஒரு பிள்ளைக்குப் போனே வாசிச்சும் காட்டும். யூனிகோட்ல தமிழ் 1991ல இருந்து இருக்கு. நான் பிறக்க முதலே இருந்த ஒரு விஷயம், ஆனா எங்களுக்கு வாற மொடல் பேப்பர், நோட்ஸ், சுற்றறிக்கை எண்டு எத்தனையோ இன்னும் பாமினியிலதான் சுத்துது.

இத எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரல்ல. சொல்லித் தந்தது பவர்பொயிண்ட்ல எழுத்து எப்பிடிப் பறந்து வரும், படம் எப்பிடிச் சுழண்டு வரும் எண்டதுகள்தான். மதிப்பீட்டுக்கு வாற ஆக்கள் வகுப்புக்குள்ள வந்த உடன ஸ்க்ரீன்ல ஏதும் ஓடுதா எண்டுதான் பாக்குறாங்க, ஓடினா நவீன கற்பித்தல், ஓடாட்டி பழைய முறை. எங்கட பட்ச்சில வெருகல் பக்கத்தில இருந்து வந்த ஒரு பிள்ளையிட்ட லெப்டொப் இல்ல, ஹொஸ்டல்ல எல்லாரும் படுத்தாப்பிறகு மற்றவங்கட லெப்டொப்ப வாங்கி விடிய விடிய ஸ்லைட் செய்வா. அவ கரும்பலகையில ஒரு பூவின்ட குறுக்குவெட்டக் கீறினா பிள்ளையள் எழும்பி நிண்டு பாப்பாங்க. அந்தக் கைக்குப் புள்ளி இல்ல. எனக்கு அண்ணா கட்டார்ல இருந்து லெப்டொப் அனுப்பினபடியா நான் தப்பினன். இது பெரிய அநியாயம் எண்டு அப்பவும் நினைச்சன், இப்பவும் நினைக்கிறன்.

2020 மார்ச்சில பள்ளிக்கூடங்கள் எல்லாம் மூடேக்க நான் ஏஎல் (உயர்தரம்) படிச்சுக்கொண்டு இருந்தன். எங்கட வீடு தம்பலகாமத்துப் பக்கம், வீட்டுக்குள்ள கவரேஜ் வராது, வயல் வரம்பில போய் நிண்டாத்தான் ரெண்டு கோடு காட்டும். சூம்ல பாடம் எடுத்த ஆக்களும் இருந்தாங்க, ஒரு மணித்தியாலத்துக்கு அரை ஜிபிக்கு மேல டேட்டா போகும், அம்மா ரீலோட் போட்டுத் தந்தே களைச்சுப் போனா. ஆனா எனக்கு உண்மையா விளங்கினது ஒரு சேர் வட்ஸ்அப்ல அனுப்பின வொய்ஸ் நோட்லதான். மூண்டு நிமிஷம் கதைப்பார், கையால கீறின ஒரே ஒரு படத்தப் போட்டோ எடுத்துப் போடுவார், கடைசியில ஒரு கேள்வி. ஒரு எம்பிகூட வராது. அடுத்த நாள் நாங்க அனுப்பின மறுமொழியெல்லாத்தையும் கேட்டுட்டு யாருக்கு எங்க பிழைச்சது எண்டு பேர் சொல்லித் திருத்துவார். அவரிட்ட இருந்தது பழைய போன் ஒண்டு. எங்களிட்ட என்ன இருக்கு, எங்களால என்ன ஏலும் எண்டத அவர் முதல்ல யோசிச்சார், என்னத்தில அனுப்புறது எண்டதப் பிறகு முடிவெடுத்தார். அதத்தான் நான் தொழில்நுட்பத் திறமை எண்டு சொல்லுவன்.

இதுக்காக சோக்குக்கட்டி மட்டும் போதும் எண்டு சொல்லுற ஆக்களோட நான் சேரமாட்டன். ஸ்டாஃப் ரூம்ல அப்பிடிச் சொல்லுற பெரியாக்கள் இருக்கிறாங்க, அவங்கட அனுபவத்தில மரியாதை இருக்கு, ஆனா மின்னோட்டத்தக் கண்ணால காட்டச் சொன்னா கரும்பலகையால ஏலாது தானே.

எனக்கு வழிகாட்டுறதுக்கு விட்டிருந்த மிஸ் (25 வருஷத்துக்கு மேல படிப்பிக்கிறா) அந்தப் பாமினி நாளுக்குப் பிறகு ஒண்டும் ஏசல்ல. "மகள், ஸ்லைட்ட விடுங்கோ, பிள்ளையிட்ட என்ன கேக்கப் போறீங்க எண்டு முதல்ல சொல்லுங்கோ" எண்டா. எனக்கு மறுமொழி வரல்ல. 22 ஸ்லைட்டில ஒரு கேள்வி இல்ல.

ரெண்டாந்தரம் அதே பாடத்த வேற மாதிரி எடுத்தன். ஃபெட் (PhET) எண்டு ஒரு வெப்சைட் இருக்கு, விஞ்ஞானப் பரிசோதனையள ஸ்க்ரீன்லயே செய்து பாக்கிற சிமுலேஷன்கள் அதில இருக்கு, அமெரிக்காவில கொலராடோ பல்கலைக்கழகத்தில 2002ல தொடங்கினது, தொடங்கின கார்ல் வீமன் பௌதிகவியலுக்கு நோபல் பரிசு எடுத்தவர். அதில மின்சுற்றுக் கட்டுற சிமுலேஷன் இருக்கு, காசில்ல, வீட்டில நெட் இருக்கேக்க ஒருக்கா இறக்கி வைச்சா பிறகு பள்ளிக்கூடத்தில நெட் இல்லாமலே ஓடும். ஆனா அத நான் உடன திறக்கல்ல. முதல்ல கேட்டன், பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவுக்கு ரோட்டு நீளம் லைட் மாலை கட்டுறாங்களே, அதில சில நேரம் ஒரு துண்டு மட்டும் மொத்தமா அணைஞ்சு கிடக்கும், ஆனா வீட்டில ஒரு லைட்ட நிப்பாட்டினா மற்றது எரியுதே, ஏன்? பிறகு ரெண்டு பல்ப்ப ஒரே பாதையில ஒண்டுக்குப் பின்னால ஒண்டாத் தொடராப் போட்டு, ஒண்டக் கழட்டினா மற்றதுக்கு என்ன நடக்கும் எண்டு கொப்பியில எழுத வைச்சன், எழுதாம ஒருத்தரும் ஸ்க்ரீனப் பாக்கக்கூடாது எண்டன். கை உயர்த்தச் சொன்னா அரைவாசிக்கு மேல "மற்றது கூட வெளிச்சமா எரியும்" எண்டுதான் எழுதியிருந்தாங்க. அதுக்குப் பிறகுதான் கிளிக் பண்ணினன். ரெண்டும் அணைஞ்சுது. வகுப்பே ஒரு சத்தம்.

அதோட விடாம மேசையில உண்மையான பற்றரி, டோர்ச் பல்ப், வயர் குடுத்தன். சிமுலேஷன்ல எல்லாம் சரியாப் பொருந்தும், உண்மை வயர் அப்பிடி இல்ல, ஒரு குழுவுக்குப் பல்ப் எரியவே இல்ல, எங்க தொடுகை விட்டிருக்கு எண்டு அவங்களே ஒவ்வொரு மூட்டா அழுத்திப் பாத்துக் கண்டுபிடிச்சாங்க. ரெண்டும் வேணும் எண்டது எனக்கு அண்டைக்குத்தான் விளங்கினது. ஒரு பெட்டப்பிள்ளை ஸ்க்ரீன்ல நகருற இலத்திரன் புள்ளியளையே பாத்துக்கொண்டு இருந்து கேட்டா, "மிஸ், பல்ப்புக்கு முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே அளவுதானே போகுது, அப்ப பல்ப் எதத் திண்டது?" எண்டு. குறையிறது ஓட்டம் இல்ல, இலத்திரன் கொண்டு வாற சக்திதான் வெளிச்சமாவும் சூடாவும் மாறுது எண்டத அவவுக்கு விளங்கப்படுத்தி முடிக்க மணி அடிச்சிட்டு. இப்பிடி ஒரு கேள்வி வாறதுக்காகவே எத்தனை லெப்டொப்பையும் தூக்கிக்கொண்டு போகலாம்.

இன்னொண்டு சொல்லாம விட ஏலாது. பிள்ளையள் யூடியூப்ல தமிழ் வீடியோ பாத்திட்டு வாறாங்க, நல்ல விஷயம், ஆனா கூடுதலா தமிழ்நாட்டு வீடியோ. அங்க பக்க இணைப்பு, எங்கட புத்தகத்தில சமாந்தர இணைப்பு. அங்க ஒளிச்சேர்க்கை, இங்க ஒளித்தொகுப்பு. அங்க ஆக்சிஜன், இங்க ஒட்சிசன். ரெண்டும் நல்ல தமிழ்தான், பிழை ஒருத்தரிலயும் இல்ல, ஆனா ஓஎல் (சாதாரண தரப் பரீட்சை) பேப்பர்ல எங்கட சொல்லுத்தான் வரும், பிள்ளை அதில நிண்டு தடுமாறும். சட்ஜிபிடியிட்ட பாடக்குறிப்பு எழுதச் சொன்னாலும் இதே கதைதான், எங்கட பட்ச்சில நிறையப் பேர் அப்பிடியே எடுத்து ஒட்டுறாங்க, நானும் ஒருக்காச் செஞ்சிருக்கிறன், அது வகுப்பில பிள்ளையட முகத்தப் பாக்காத குறிப்பு எண்டு மிஸ் ஒரு பக்கம் வாசிச்ச உடனயே பிடிச்சிட்டா.

என்ட கருத்து இதுதான். ஆசிரிய மாணவருக்குத் தொழில்நுட்பம் படிப்பிக்கிறதெண்டா ஏசி ரூம்ல கொம்பியூட்டருக்கு முன்னால இருத்தி வைச்சுப் படிப்பிக்காதீங்க, 36 பிள்ளையும் ஒரே ஒரு லெப்டொப்பும் இருக்கிற வகுப்புக்குள்ள விட்டுப் படிப்பியுங்க. 2022ல ஒரு கட்டத்தில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாம இருந்த நாடு இது, பாடத்தின்ட நடுவில கரண்ட் போனா அடுத்த நிமிஷம் என்ன செய்வீங்க எண்டு மதிப்பீட்டில கேளுங்க, அந்தப் பதிலுக்குப் புள்ளி குடுங்க. யூனிகோட்ட முதல் கிழமையே படிப்பியுங்க. லெப்டொப் இல்லாத பிள்ளைக்குக் கல்லூரியே ஒண்ட இரவல் குடுக்கட்டும், இல்லாட்டி ஸ்க்ரீனுக்குப் புள்ளி போடுறத நிப்பாட்டட்டும். கேள்வி எங்க வைக்கிறது, எப்ப ஸ்க்ரீன நிப்பாட்டிட்டுப் பிள்ளையட முகத்தப் பாக்கிறது எண்டு பக்கத்தில இருந்து சொல்லித் தர எங்கட மிஸ் மாதிரி ஒரு ஆள் ஒவ்வொரு கட்டுறு பயிற்சியாளருக்கும் கிடைக்கோணும், இப்ப அது அதிர்ஷ்டத்தில நடக்குது.

நான் இப்ப 9ஆம் தர விஞ்ஞானத்துக்கு எங்கட பாடப்புத்தகச் சொல்லையும் தமிழ்நாட்டுச் சொல்லையும் பக்கத்தில பக்கத்தில வைச்சு ஒரு பட்டியல் செஞ்சுகொண்டு இருக்கிறன், யூனிகோட்லதான், மின், ஒளி ரெண்டு அலகும் முடிஞ்சுது. மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பக்கம் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆக்கள் யாரும் மிச்ச அலகுகளச் சேத்துச் செய்ய விருப்பமெண்டா இன்பொக்ஸுக்கு வாங்கோ. பாமினியில பழைய நோட்ஸ் வைச்சிருந்தாலும் பரவாயில்ல அனுப்புங்கோ, நான் மாத்தித் தாறன்.