நான்கு நிமிடம் கரன்ட் போனது, ஒன்றேகால் மணி நேரம் பாழாய்ப் போனது

நேற்று இரவு பதினொன்றரைக்குக் கரன்ட் போனது. நான்கே நிமிடத்தில் திரும்பி வந்தும் விட்டது. ஆனால் அந்த நான்கு நிமிடத்தோடு என்னுடைய ஒன்றேகால் மணி நேரமும் போய்விட்டது, அதை எனக்குத் திருப்பித் தர ஆளில்லை.

ஆடிக்கொண்டிருந்தது மெட்டல் கியர் சாலிட் 5: தி ஃபேன்டம் பெயின். 2015 செப்டம்பரில் வந்த கேம். கதை நடப்பது 1984இல், அதில் ஒரு பெரும் பகுதி சோவியத் படை பிடித்து வைத்திருக்கும் ஆப்கானிஸ்தானில். குதிரையில் ஏறி மலையும் புழுதியுமாகத் திரியலாம், எந்த முகாமுக்குள்ளும் எந்தப் பக்கத்திலிருந்தும் நுழையலாம். பதுங்கிப் போய் வேலையை முடிக்கிற கேம்களில் இதற்கு ஈடாக வேறொன்றை நான் ஆடியதில்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிடிக்காத கேமாக இருந்தால் அன்றைக்கே அழித்துப் போட்டிருப்பேன், இவ்வளவு கோபம் வந்திருக்காது.

முடித்த கேமைத்தான் மறுபடி ஆடுகிறேன், ஆறாவது மிஷன். ஹனி பீ என்கிற ஏவுகணை ஆயுதம் ஒன்றை, சோவியத்தை எதிர்த்துப் போராடும் ஆப்கான் முஜாஹிதீன்கள் ஸ்மாசே கோட்டைப் பக்கம் ஒளித்து வைத்திருக்கிறார்கள், சோவியத் வீரர்கள் அதைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் கையில் சிக்குவதற்குள் நாம் எடுத்து வர வேண்டும். நான் என்ன செய்தேன்? எதிரே ஒரு பாறை மேல் குப்புறப் படுத்துக்கொண்டு பைனாகுலரில் ஒவ்வொருவனாகப் பார்த்துக் குறித்தேன். யார் எந்தப் பக்கம் நடக்கிறான், எங்கே திரும்புகிறான், யார் தனியாக நிற்கிறான் என்று பார்க்கவே இருபது நிமிடம். அப்புறம் தவழ்ந்து தவழ்ந்து உள்ளே போய், ஒருவனை மயக்க ஊசியால் தூங்க வைத்து, இன்னொருவன் கண்ணில் படாதபடி அவனை இழுத்துப்போய் மறைத்து, அடுத்தவனுக்காகச் சுவரோரம் மூச்சைப் பிடித்துக் காத்திருந்து... ஒரு குண்டு சுடவில்லை. ஒருவனும் என்னைப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில்தான் திரை இருட்டானது.

திரும்பப் போட்டுப் பார்த்தால் நான் கோட்டை வாசலில் நிற்கிறேன். தூங்க வைத்த அத்தனை பேரும் எழுந்து ரோந்து சுற்றுகிறார்கள்.

யு.பி.எஸ். வாங்க வேண்டியதுதானே என்று யாரும் சொல்லாதீர்கள். கரன்ட் போகாத நாளிலும் இதே கதைதான். குழந்தை விழித்து அழுகிறது, ஊரிலிருந்து அம்மா போன் பண்ணுகிறார், "இன்னுமா தூங்கல, காலையில ஆபீஸ் இல்லையா?" என்று மனைவி வந்து கதவருகே நிற்கிறார். எழுந்துதான் ஆக வேண்டும். எழுந்தால் போச்சு. ஏனென்றால் இந்த கேமில் நான் நினைத்த இடத்தில் சேவ் செய்ய வழியே கிடையாது. செக்பாயின்ட் மட்டும்தான், அதாவது கேம் தானாகவே பதிந்துகொள்கிற இடம். அது எப்போது வரும் என்பது கேம் வைத்த சட்டம், ஏதாவது ஒரு எல்லையைத் தாண்டினால் வரும், ஒரு வேலை முடிந்தால் வரும், நடுவில் ஒரு மணி நேரம் நான் என்ன செய்தாலும் அதற்குக் கணக்கே இல்லை.

எனக்கு வயிறு எரிவது இதில்தான். மெஷின் கன்னைத் தூக்கிக்கொண்டு நேராகச் சுட்டுத் தள்ளிப் போகிறவன் பத்து நிமிடத்தில் அந்தக் கோட்டையை முடித்துவிடுவான். நடுவில் கரன்ட் போனால் அவனுக்கு நஷ்டம் பத்து நிமிடம். பொறுமையாக இரு, பார், காத்திரு, யாரையும் கொல்லாமல் போ என்று இந்த கேம் சொல்லித் தருகிறதே, அதைக் கேட்டு அப்படியே ஆடுகிறவனுக்குத்தான் ஒரு மணி நேரம் போகிறது. கேமின் பேச்சைக் கேட்டவனுக்கே அடி விழுகிறது! எதிரி நம்மைப் பார்த்துவிட்டால் சில நொடிகள் காலத்தை மெதுவாக்கி, அவன் சத்தம் போடுவதற்குள் அவனை அடக்க ஒரு வாய்ப்புத் தருகிறார்கள், ரிஃப்ளெக்ஸ் மோட் என்று பெயர். ஆட்டத்துக்குள் நான் செய்கிற தப்புக்கு இவ்வளவு இரக்கம். வீட்டில் குழந்தை எழுந்துகொண்டால் மட்டும் ஒரு நொடி தர மாட்டார்களாம்.

எங்கள் வயதுக்காரர்களுக்கு ஐ.ஜி.ஐ. என்கிற துப்பாக்கி கேம் நினைவிருக்கும். 2000இல் வந்தது, மிஷன் நடுவில் சேவ் கிடையாது, கடைசிக் கதவு வரை போய்ச் செத்தால் வேலிக்கு வெளியே திரும்ப நிற்க வேண்டும். பிரவுசிங் சென்டரில் மணிக்குக் காசு கொடுத்து ஆடியவர்கள் அன்றே வாய்விட்டுத் திட்டியிருக்கிறோம். திட்டியது காதில் விழுந்ததோ என்னவோ, 2003இல் வந்த இரண்டாம் பாகத்தில் இத்தனை தடவை என்று கணக்கு வைத்தாவது சேவ் கொடுத்தார்கள். அதற்கும் முன்னால் 1998இல் வந்த கமாண்டோஸ், இரண்டாம் உலகப் போரை வைத்து வந்த கேம், அதில் நினைத்த இடத்தில் சேவ் செய்யலாம், ஒரு ஜெர்மன் வீரன் முதுகைத் திருப்புவதற்கு முன்னால் ஒன்று, திருப்பிய பிறகு ஒன்று என்று ஆடியிருக்கிறோம். அதனால் அந்த கேமின் சுவை கெட்டதா? இன்றைக்கும் அதைப் பேசுகிறோமே! அப்படியிருக்க, பதினேழு வருடம் கழித்து, இவ்வளவு பெரிய நிலப்பரப்பையே திரையில் கட்டி எழுப்பியவர்களுக்கு ஒரு சேவ் பட்டன் வைக்க மனம் வரவில்லை.

சேவ் மட்டும் இல்லை, என் நேரத்தை இந்த கேம் எங்கெல்லாம் தின்கிறது என்று பாருங்கள். ஒரு மிஷன் ஏற்க பெரும்பாலும் ஹெலிகாப்டரில் ஏற வேண்டியிருக்கிறது, அது வந்து சேர வேண்டும், காத்திருந்து ஏறி, மேலே போய், மறுபடி கீழே பறந்து, கதவு திறந்து, இறங்கி, அங்கிருந்து முகாமுக்குக் குதிரையில் ஒரு ஓட்டம். தரையிறங்கும் இடம் பெரும்பாலும் முகாமுக்குப் பக்கத்தில் இருக்காது, அது சரி, ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் காவலர்கள் உஷாராகிவிடுவார்கள். ஆனால் வழியில் என்ன இருக்கிறது? பாறை. புழுதி. ஓரிரண்டு சோதனைச் சாவடி. ஒன்பது வருடத்துக்கு மேல் நடந்த போர் அது, லட்சக்கணக்கான மக்கள் பாகிஸ்தானுக்கும் ஈரானுக்கும் அகதிகளாக ஓடினார்கள், அதனால் கிராமங்கள் காலியாகக் கிடப்பதை நம்பலாம். ஆனால் ஒரு கிழவி கூடவா மிச்சமில்லை, ஆடு மேய்க்கிற ஒரு பையன் கூடவா இல்லை? ஆடு மட்டும் நிற்கிறது. அந்த மண்ணின் சாதாரண ஜனங்கள் ஒருவரையும் பார்க்காமல் அந்தப் போருக்குள் எத்தனை மணி நேரம் குதிரை ஓட்டியிருக்கிறேன்!

அட்டைப் பெட்டிக்குள் புகுந்து சரக்கு மாதிரிப் போகிற குறுக்கு வழி ஒன்று இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன், அருமையான யோசனை. ஆனால் அதற்கும் ஒவ்வொரு முகாமாக முன்பே நுழைந்து அங்குள்ள சரக்கு ரசீதைக் கிழித்து எடுத்திருக்க வேண்டும்.

அப்புறம் அந்தப் பெயர்ப் பட்டியல். ஒவ்வொரு மிஷன் தொடக்கத்திலும் தொலைக்காட்சித் தொடர் மாதிரி யார் யார் வருகிறார்கள் என்று திரையில் ஓடுகிறது. முக்கியமான எதிரி யார் என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது. எதிர்பாராத ஆள் திடீரென்று வந்து நின்றால் அல்லவா நெஞ்சு திக்கென்று இருக்கும்? என் நேரத்தையும் எடுத்துக்கொண்டு அந்தத் திகைப்பையும் கெடுத்தால் எப்படி?

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டு முதல் அத்தியாயத்தை முடித்து இரண்டாவதுக்குப் போனால், 32 முதல் 50 வரை இருக்கிற பத்தொன்பது மிஷன்களில் பன்னிரண்டு ஏற்கெனவே முடித்த மிஷன்கள்தான், கொஞ்சம் கடுமையாக்கித் திரும்பத் தருகிறார்கள். ஒன்றில் ஆயுதமே இல்லாமல் போக வேண்டும், ஒன்றில் ஒருவன் பார்த்தாலே தோல்வி. இந்த "பார்த்தாலே தோல்வி"யில் செக்பாயின்ட் முறை எப்படிக் கழுத்தை அறுக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கதையின் பெரிய முடிச்சு அவிழ்கிற 46ஆவது மிஷனோ, கேமின் ஆரம்பத்தில் வந்த அந்த மருத்துவமனைக் காட்சியை மறுபடி முழுக்க ஆட வைக்கிறது. தரையில் இழுத்து இழுத்து ஊர்ந்து போகிற அதே காட்சி. முதல் தடவை அது என்னை உலுக்கியது. இரண்டாம் தடவை, நாளை காலை ஆறு மணிக்கு எழ வேண்டிய ஒருவன், அதே வராந்தாவில் அதே வேகத்தில் ஊர்ந்துகொண்டு கடிகாரத்தைப் பார்க்கிறான். கதையின் அவ்வளவு பெரிய இடத்தில் என்னைக் கடிகாரம் பார்க்க வைத்துவிட்டார்களே என்பதுதான் ஆறவில்லை.

எங்கு வேண்டுமானாலும் சேவ் செய்தால் பயம் போய்விடும், பரபரப்பு போய்விடும் என்று ஒரு வாதம் எப்போதும் வரும். சரி, நியாயம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரே ஒரு தடவை திறக்கிற சேவ் கொடுங்கள். வெளியே போகும்போது பதியட்டும், திரும்பி வந்து திறந்ததும் அழிந்துவிடட்டும். யாரும் ஏமாற்ற முடியாது, பரபரப்பும் அப்படியே இருக்கும். பிளேஸ்டேஷன் 4இல், கேமை மூடாமல் மெஷினை மட்டும் தூங்க வைக்கிற ரெஸ்ட் மோடில் போட்டுவிட்டு மறுநாள் விட்ட இடத்திலிருந்து ஆடுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு மட்டும் பரபரப்பு செத்தா போனது? கம்ப்யூட்டரில் ஆடுகிற நான் ஒரு தடவை ஸ்லீப்பில் போட்டுப் பார்த்தேன், எழுப்பியபோது கறுப்புத் திரைதான் வந்தது.

பள்ளிக்கூட நாட்களில் நேரம் கிடந்தது, கேம் வாங்கக் காசு இல்லை. இன்றைக்குக் காசு கொடுத்து வாங்கிவிட்டேன், எனக்கென்று இருப்பது குழந்தை தூங்கிய பிறகு கிடைக்கிற ஒன்றரை மணி நேரம். அதுவும் எல்லா நாளும் இல்லை. இன்று இரவு மறுபடி அந்தப் பாறை மேல் ஏறிப் படுக்க வேண்டும், அதே ஆட்களை அதே வரிசையில் பைனாகுலரில் குறிக்க வேண்டும். இடது பக்கம் இருக்கிறவன் எப்போது திரும்புவான் என்று எனக்கு மனப்பாடமாகத் தெரியும். எஸ்கேப் தட்டினால் வருகிற மெனுவில் எத்தனையோ வரிகள் இருக்கின்றன, சேவ் என்ற ஒரு வரி மட்டும் இல்லை.