சுகுமார் ராயைப் படமில்லாமல் படிக்காதீர்கள்

வங்காளத்தில் குழந்தைகளுக்காக வேடிக்கைப் பாட்டும் கதையும் எழுதிய சுகுமார் ராயைப் பற்றி எழுதுகிறவர்கள் 'சத்யஜித் ராயின் தந்தை' என்று ஆரம்பிக்கிறார்கள். அடுத்த வரியிலேயே 'இந்தியாவின் லூயிஸ் கரோல்' வந்துவிடுகிறது. இரண்டுமே எனக்கு உடன்பாடில்லை. மகனுக்கு மூன்று வயது நிரம்பும் முன்பே இறந்துபோன ஒருவரை அந்த மகனின் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்துவது என்ன நியாயம்? கரோல் விஷயமும் அப்படித்தான். அச்சில் வந்த அவருடைய ஆலிஸ் கதைகளுக்குப் படம் வரைந்தவர் ஜான் டென்னியல். சுகுமாரோ தன் சொற்களுக்குத் தானே படம் வரைந்தவர். அவருடைய சொல் விளையாட்டில் சரிபாதி அந்தப் படங்களில்தான் இருக்கிறது என்பதே என் கட்சி.

'ஆபோல் தாபோல்' தொகுப்பில் 'கிச்சடி' என்றொரு பாட்டு. வங்காளத்தில் வாத்து 'ஹாஸ', முள்ளம்பன்றி 'ஸஜாரு'. இரண்டும் ஒட்டிக்கொண்டு 'ஹாஸஜாரு' ஆகிவிடுகிறது. கொக்கு 'பக', ஆமை 'கச்சப', சேர்ந்தால் 'பகச்சப'. யானை 'ஹாதி', திமிங்கிலம் 'திமி', சேர்ந்தால் 'ஹாதிமி'. பாட்டின் முதல் வரியிலேயே அடைப்புக்குறிக்குள், 'இலக்கணத்தை நான் மதிப்பதில்லை' என்று ஒரு குரல் வேறு. நம்பாதீர்கள். ஒவ்வொரு ஜோடியையும் உற்றுப் பாருங்கள்: முதல் சொல் முடிகிற எழுத்தில்தான் அடுத்த சொல் தொடங்குகிறது. நம் அந்தாதிக்காரர்கள் கேட்டால் எழுந்து நின்று கைதட்டுவார்கள். ஏதோ இரண்டு மிருகங்களை எடுத்து ஒட்டிய வேலை அல்ல இது. எந்த இரண்டு மிருகங்களின் பெயர்கள் ஓர் எழுத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றனவோ, அவற்றின் உடம்புகளும் ஒட்டும்.

இங்கேதான் படம் வருகிறது. பெயர்கள் ஓர் எழுத்தில் ஒட்டியதை, ஓவியர் உடம்பில் ஒட்டிக் காட்டுகிறார். ஹாஸஜாருவின் படத்தில் கேலிச்சித்திர மிகை எதுவும் கிடையாது. விலங்கியல் பாடநூலில் அச்சிடும் அக்கறையோடு முட்களை ஒவ்வொன்றாகக் கோடு போட்டு வரைந்திருக்கிறார். அந்தப் பிராணி தன்னைப் பற்றி எந்தச் சந்தேகமும் இல்லாமல் நிற்கிறது. ஹாதிமியின் பாடுதான் பரிதாபம். அதற்குள் இருக்கும் திமிங்கிலம் தண்ணீருக்குப் போகலாம் என்று நினைக்கிறது. யானையோ, இப்போதே காட்டுக்குக் கிளம்பு தம்பி என்கிறது. சிங்கத்துக்கு வேறு குறை. வங்காளத்தில் 'சிங்' என்றால் கொம்பு. பெயரில் கொம்பு இருந்தும் தலையில் இல்லையே என்ற சிங்கத்தின் ஏக்கம், மானோடு சேர்ந்ததும் தீர்கிறது. காதுக்கு எட்டிய சிலேடையைக் கண்ணாலும் பார்த்த பிறகு, அப்படி ஒரு மிருகம் இல்லை என்று எந்தக் குழந்தையும் சொல்லாது.

இந்தத் துல்லியம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அச்சகத்திலிருந்து என்பேன். 1887-இல் கல்கத்தாவில் பிறந்த சுகுமார், அங்கிருந்த பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியலும் வேதியியலும் படித்தவர். தந்தை உபேந்திரகிஷோர் எழுத்தாளர், ஓவியர். படங்களைச் சிறு புள்ளிகளாக அச்சிடும் ஹாஃப்டோன் முறைக்கு இந்தியாவில் முன்னோடிகளில் ஒருவர். 1911-இல் உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்ற சுகுமார், லண்டனிலும் மான்செஸ்டரிலும் படித்தது இலக்கியம் அல்ல. படங்களை அச்சிடுவதற்கான பிளாக் செய்வதும் லித்தோகிராபி என்னும் கல்லச்சும். அவர் திரும்பிய 1913-இல்தான் தந்தை 'சந்தேஷ்' சிறுவர் இதழைத் தொடங்கியிருந்தார். (சந்தேஷ் என்றால் செய்தி, இனிப்புப் பண்டமும் கூட. இது பரம்பரைச் சொத்து போலும்.) 1915 இறுதியில் தந்தை காலமானதும், இதழும் அச்சகமும் மகன் தலையில் விழுந்தன.

கல்கத்தாவின் கார்பார் சாலையில் இருந்த அவர்கள் வீட்டிலேயே அச்சகமும் இருந்தது. எழுதுவதும் வரைவதும் அச்சேற்றுவதும் ஒரே கூரையின் கீழ். எந்தக் கோடு அச்சில் நிற்கும், எது மசியில் மறையும் என்று தெரிந்தவர் வரைந்த கோடுகள் அவை. அவரை முதலில் கவிஞர், பிறகு பொழுதுபோக்காகப் படம் போட்டவர் என்று வரிசைப்படுத்துவதை என்னால் ஏற்க முடியாது.

உரைநடையிலும் கை சளைத்தவர் அல்ல. 'ஹ ஜ ப ர ல' கதையில் வியர்வை துடைக்கக் கைக்குட்டையை எடுக்கப் போனால் அது 'மியாவ்' என்கிறது. கைக்குட்டை பூனையாகிவிட்டது! இதில் என்ன அதிசயம், முட்டை வாத்தாகவில்லையா என்கிறது பூனை. அதே கதையில் கணக்குப் போடும் காகம் ஒன்று: ஏழிரண்டு பதினாலு, நாலைப் போடு, கையில் பென்சில். நம் பள்ளிக்கூடத்தில் 'கைவசம் ஒன்று' என்று சொல்லிக் கூட்டிய எவருக்கும் இது புரியும். எல்லாம் போய் ஒன்றும் மிஞ்சாத நிலையைச் சொல்ல 'கையில் மிஞ்சியது பென்சில்' என்பது வங்காளிகளின் வாயில் பழமொழியாகவே நிலைத்துவிட்டது. குழந்தைகளுக்காக எழுதிய ஒரு வரிக்கு இதைவிடப் பெரிய விருது உண்டா?

இந்தக் கதையில் நீதி என்ன என்று கேட்கும் பெற்றோருக்கு அவரே பதில் எழுதி வைத்திருக்கிறார். விசித்திரமானதும் நடக்க முடியாததும்தான் இந்தப் புத்தகத்தின் சரக்கு, இது 'கேயால் ரசம்' நிறைந்த நூல், அந்தச் சுவையை அனுபவிக்க முடியாதவர்களுக்கானது அல்ல என்று 'ஆபோல் தாபோல்' முன்குறிப்பிலேயே சொல்லிவிட்டார். ஒன்பது சுவைகளுக்கு அப்பால் மனம்போன போக்குக்கென்று இன்னொரு சுவை! எவ்வளவு துணிச்சல்! குழந்தைக்குத் தரும் ஒவ்வொரு பக்கத்திலும் அறிவுரையைத் திணிக்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் ஒழியவில்லை. அதனாலேயே இந்தக் குறிப்பை உரக்கப் படிக்கிறேன்.

1921-இல் அவருக்குக் காலா அசார் காய்ச்சல் வந்தது. இரண்டரை ஆண்டுகள் படுக்கை. 'ஆபோல் தாபோல்' நூலின் அட்டை, பக்க அமைப்பு, பாட்டு முடியும் இடத்துச் சிறு படங்கள் எல்லாம் அந்தப் படுக்கையில் நடந்த வேலை. 1923 செப்டம்பர் 10 அன்று இறந்தார். புத்தகம் வெளிவந்தது 19-ஆம் தேதி. முப்பத்தைந்து வயது. அச்சுத் தொழிலையே படித்து வந்தவர், தன் நூலின் அச்சான பிரதியைக் கையில் வாங்கவில்லை. எத்தனை முறை நினைத்தாலும் இது எனக்கு ஆறுவதில்லை. அந்த நூலின் கடைசிப் பாட்டில் தூக்கம் கவிகிறது, என் பாட்டு முடிந்தது என்று வருகிறது. அதே பாட்டில் பூச்செண்டு போல் கட்டிய குதிரை முட்டைகளும் வருகின்றன. சாவின் வாசலிலும் குதிரை முட்டை!

அவர் எழுத்துகளின் பதிப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது, யாரும் தமிழாக்கலாம். செய்பவர்களிடம் எனக்கு இரண்டு கோரிக்கைகள். ஒன்று, அவர் வரைந்த படங்களையே போடுங்கள். வண்ணமயமாக இருக்கட்டும் என்று வேறு ஓவியரை அழைக்காதீர்கள். இரண்டு, பெயர்களை ஒலிபெயர்த்துவிட்டு அடிக்குறிப்பில் விளக்காதீர்கள். 'பகச்சப' என்று சொன்னால் நம் பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியாது. கொக்கும் ஆமையும் சேர்ந்தால் தமிழில் தானாகவே 'கொக்காமை' ஆகிறது. அவர் வரைந்த படத்துக்கும் அப்படியே பொருந்துகிறது. ஹாஸஜாருவுக்கு இவ்வளவு சுலபமாக ஒரு பெயர் அமையவில்லை. வாத்தும் முள்ளம்பன்றியும் தமிழில் ஒட்ட மறுக்கின்றன. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் கேட்டுப் பாருங்கள்.